‘சில்லி’ ஒரு காலத்தில் பாக்கியவான்

கிரிக்கெட் வர்ணனை கேட்பவர்களுக்கு ‘சில்லி பாயின்ட்’ தெரியும். பேட்ஸ்மேனின் மூக்குக்கு நேரே, பந்து எகிறினால் தலை தப்பாது என்ற தூரத்தில், ஹெல்மெட் மாட்டி ஒருவரைக் குந்த வைப்பார்கள். அங்கே போய் நிற்பதே கிறுக்குத்தனம், அதனால்தான் அந்தப் பெயர். (சிக்கனுக்கு முன்னால் வரும் சில்லி வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதற்கு நான் பொறுப்பல்ல.) இன்று ‘அசட்டுத்தனமான’ என்று பொருள்படும் இந்தச் சொல்லுக்கு ஆயிரம் வருடம் முந்தைய ஆங்கிலத்தில் ‘பாக்கியம் பெற்ற, இறையருள் பெற்ற’ என்று பொருள்.

இப்படி ஒரு தகவல் சிக்கினால் வாட்ஸ்அப்பில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். “சில்லியின் உண்மையான அர்த்தம் தெரியுமா? இனி யாராவது உங்களை அப்படித் திட்டினால் நன்றி சொல்லுங்கள்!” என்று கைகூப்பும் பொம்மையோடு வந்துவிடும். வேடிக்கைதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் எத்தனை கோளாறு! யாரோ எப்போதோ அர்த்தத்தை மாற்றிவிட்டார்கள், நேற்றுவரை அப்படி இருந்தது இன்று இப்படி ஆகிவிட்டது, பழையதுதான் அசல், இப்போதிருப்பது கலப்படம் என்றெல்லாம் நினைக்க வைக்கிறது. எதுவும் சரியில்லை. உண்மையில் நடப்பது இதைவிட மெதுவானது, இதைவிட சுவாரசியமானது.

## தியேட்டர் இல்லாத தியேட்டர் ஸ்டாப்

நம் ஊர்களில் பல பஸ் ஸ்டாப்புகளுக்கு, இப்போது அங்கே இல்லாத ஒன்றின் பெயர்தான் இருக்கிறது. தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டி வருடக்கணக்கில் ஆகியிருக்கும். கண்டக்டர் இன்னும் “தியேட்டர் ஸ்டாப்லாம் எறங்கு” என்றுதான் குரல் கொடுப்பார். அதைக் கேட்டதும் ஒரு பெரியவருக்குத் தரை டிக்கெட்டில் படம் பார்த்த கொட்டகை ஞாபகம் வரும். பின்சீட்டில் இருக்கும் கல்லூரிப் பையனுக்கு அது மண்டபம் இருக்கிற முனை, அவ்வளவுதான். ‘தியேட்டர்’ என்ற ஒலி அந்த முனைக்கு ஒரு பெயர் என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் இல்லை.

இருவரும் ஒரே இடத்தில்தான் இறங்குகிறார்கள். அதனால் இருவர் மனதிலும் வேறு வேறு பொருள் இருப்பது இருவருக்குமே தெரியவருவதில்லை. யாரும் யாரையும் திருத்தத் தேவையும் இல்லை. வேறொரு தெருவில் புதிதாக ஒரு தியேட்டர் திறக்கிற அன்றைக்குத்தான் “தியேட்டர் ஸ்டாப்னா எது?” என்ற கேள்வியே எழும்.

சொற்களும் இப்படித்தான் நகர்கின்றன. பேசுகிறவர் ஒன்றை நினைத்துச் சொல்கிறார், கேட்கிறவர் வேறொன்றாக எடுத்துக்கொள்கிறார். ஆனால் அந்த இடத்தில் இரண்டுமே பொருந்திவிடுவதால் காரியம் கெடுவதில்லை. காரியம் கெடாததால் யாரும் கவனிப்பதில்லை.

## பழைய ஆங்கிலம் என்பது எது?

ஷேக்ஸ்பியரைப் படித்துத் திணறியவர்கள் “அது பழைய ஆங்கிலம்” என்பார்கள். மொழி வரலாறு எழுதுகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் கணக்கில் ஷேக்ஸ்பியர் நவீன ஆங்கிலத்தின் தொடக்கக் காலத்தவர். பழைய ஆங்கிலம் என்பது ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டிலிருந்து 1100 வரை இங்கிலாந்தில் பேசப்பட்டது. இன்றைய ஆங்கிலேயரால் அதைத் தனியாகப் பயிலாமல் படிக்க முடியாது. ஜெர்மன் மொழியின் நெருங்கிய உறவாக அது ஒலிக்கும். 1066இல் பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு பிரெஞ்சுச் சொற்கள் மடை திறந்து பாய்ந்தன. அந்தக் கலப்பில் உருவாகி 1500 வரை வழங்கியது இடைக்கால ஆங்கிலம். அதற்குப் பிந்தியதெல்லாம் நவீன ஆங்கிலம்.

நம் சொல் இந்த மூன்று காலத்தையும் கடந்து வந்தது. பிறந்தது பழைய ஆங்கிலத்தில்.

## புண்ணியவானிலிருந்து ஏமாளி வரை

பழைய ஆங்கிலத்தில் ‘சேல்’ என்றால் மகிழ்ச்சி, நல்ல நேரம். அதிலிருந்து வந்தது, கிட்டத்தட்ட ‘யெசேலி’ என்று ஒலித்த சொல். நல்ல நேரம் வாய்த்தவர், பாக்கியசாலி என்று அதற்குப் பொருள். ஜெர்மனில் இதன் உடன்பிறப்பு ‘ஸேலிக்’ இன்றும் உயிரோடு இருக்கிறது, இன்றும் ‘பேரின்பம் பெற்ற’ என்றே பொருள். காலமான தந்தையைக் குறிப்பிடும்போது, நாம் ‘அமரர்’ என்பதுபோல, ஜெர்மானியர்கள் இந்தச் சொல்லைப் பெயருக்கு முன்னால் போடுவதுண்டு. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு சொற்களில் ஒன்று சொர்க்கத்தில் இருக்கிறது, மற்றொன்று கிரிக்கெட் மைதானத்தில் அடிவாங்குகிறது.

ஆங்கிலத்துக்காரன் எப்படி இறங்கினான்?

கிறிஸ்தவம் வேரூன்றிய நாட்டில் பாக்கியம் என்பது கடவுள் தருவது. எனவே பாக்கியவான் என்றால் பக்திமான். பக்திமான் யாருக்கும் தீங்கு செய்யமாட்டார், ஆகவே தீங்கற்றவர், களங்கமில்லாதவர். தீங்கு செய்யத் தெரியாதவருக்குத் தீங்கு செய்பவரிடமிருந்து தப்பவும் தெரியாது, ஆகவே பரிதாபத்துக்குரியவர். பரிதாபத்துக்குரியவர் பலமில்லாதவர். உடல் பலம் இல்லாதவரைக் குறித்த சொல் ஒரு கட்டத்தில் புத்திபலம் இல்லாதவரையும் குறித்தது. அங்கிருந்து முட்டாள் ஒரே எட்டு. இத்தனைக்கும் சுமார் 500 வருடம் பிடித்தது. ‘முட்டாள்தனமான’ என்ற பொருள் தெளிவாகத் தலைகாட்டுவது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்.

ஒவ்வொரு படியும் எவ்வளவு சிறியது பாருங்கள். முதல் படியையும் கடைசிப் படியையும் பக்கத்தில் வைத்தால்தான் தலைசுற்றுகிறது. வழியில் நடந்தவர் யாருக்கும் சுற்றவில்லை.

இதைக் கிட்டே போய்ப் பார்க்க ஒரு நல்ல இடம் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெஃப்ரி சாசர் எழுதிய ‘கேன்டர்பரி கதைகள்’. அப்போது சொல் ‘சேலி’ என்று ஆகியிருந்தது. ஒரு கதையில் ஏழு வயதுச் சிறுவன் மாதாவை வணங்கும் முறையைத் தாயிடம் கற்றுக்கொள்கிறான். சேலியான குழந்தை சட்டென்று கற்றுக்கொள்ளும் என்கிறார் சாசர். இங்கே சேலி, தெய்வகடாட்சம் பெற்ற நல்ல பிள்ளை. இன்னொரு கதையில் ஒரு விதவையின் சேவலை நரி தூக்கிக்கொண்டு ஓடுகிறது. கோழிகள் போடும் கூச்சலைக் கேட்டு அந்த சேலி விதவை பதறி ஓடிவருகிறாள். இவள் நல்லவளா, ஏழையா, பாவப்பட்டவளா? மூன்றுமே சரியாக இருக்கிறது. வேறொரு கதையில் கிழட்டுத் தச்சன் ஒருவனை அவன் வீட்டில் குடியிருக்கும் மாணவன் ஊழிவெள்ளம் வரப்போகிறது என்று நம்பவைத்து, அவன் மனைவியோடு சல்லாபிக்கிறான். அந்தத் தச்சனும் சேலி. இங்கே புனிதம் எங்கே இருக்கிறது? ஏமாளி என்பதைத் தவிர அந்தச் சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

ஒரே ஆசிரியர், ஒரே நூல், ஒரே சொல். அதன் பழைய பொருளும் நடுப்பொருளும் வரப்போகும் பொருளின் நிழலும் ஒரே சமயத்தில் புழங்குகின்றன. அர்த்தம் மாறுவது என்றால் ஒன்று போய் இன்னொன்று வருவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆனால் புதியது வந்து பழையதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டும் சில நூறு வருடங்கள் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன. பிறகு ஒன்று மெல்ல வெளியேறலாம், வெளியேறாமலும் போகலாம். நம் இலக்கண மரபில் ‘பலபொருள் ஒருசொல்’ என்கிறோமே, அந்த நிலையைக் கடக்காமல் எந்தச் சொல்லும் பொருள் மாறுவதில்லை.

## திருப்பம் நடப்பது கேட்பவர் காதில்

ஆக, சில்லியின் படிகள் சிறியவை, பழையதும் புதியதும் வெகுநாள் சேர்ந்தே இருந்தன. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு உண்மையில் யார் தூக்கிவிடுகிறார்கள் என்பதுதான் இனி.

அகராதி பார்த்து யாரும் தாய்மொழி கற்பதில்லை. சாசர் காலத்துச் சிறுமி ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். தெருவில் கிழிந்த உடையோடு போகும் கைம்பெண்ணைக் காட்டி அம்மா “சேலி” என்கிறாள். அம்மா மனதில் ‘தெய்வபக்தியுள்ள நல்ல மனுஷி’. சிறுமியின் கண்ணுக்குத் தெரிவதோ கிழிந்த உடை. அந்தச் சொல் நல்ல குணத்துக்கா, வறுமைக்கா என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் ஊகிக்கிறாள். நாளைக்குக் கால் ஒடிந்த ஆட்டைப் பார்த்து அவளே “சேலி” என்பாள். ஆட்டுக்குப் பக்தி கிடையாது. இப்போது புதுப் பொருள் தனியாக வெளியே வந்துவிட்டது.

கைம்பெண்ணைப் போல, பழைய பொருளும் புதிய பொருளும் ஒருங்கே பொருந்துகிற இடத்தை மொழியியலாளர்கள் பாலச் சூழல் என்கிறார்கள். ஆடு அக்கரை. பாலம் இல்லாமல் அக்கரைக்குப் போன சொல் அபூர்வம்.

இதற்காக இங்கிலாந்து வரை போகவேண்டியதில்லை. ‘அப்பாவி’ என்ற நம் சொல்லைக் கவனியுங்கள். “குண்டுவெடிப்பில் அப்பாவி மக்கள் பலி” என்று செய்தியில் வந்தால் குற்றமற்றவர்கள். “அவன் சரியான அப்பாவி, யார் என்ன சொன்னாலும் நம்பிடுவான்” என்றால் ஏமாளி. “பாக்க அப்பாவி மாதிரி இருக்கான்” என்றால்? அதுதான் பாலம். நீங்கள் எந்தப் பக்கம் எடுத்துக்கொண்டாலும் வாக்கியம் நிற்கும். சேலி நின்ற அதே பாலத்தில் இன்று அப்பாவி நிற்கிறது.

இன்னொன்றும் இதில் சேர்கிறது, மரியாதை. ஒருவரை நேருக்கு நேர் முட்டாள் என்று சொல்ல நமக்கு நாக்கு கூசுகிறது. ‘வெள்ளந்தி’, ‘சூதுவாது தெரியாதவர்’ என்று பூசி மெழுகுகிறோம். பூச்சு நாள்பட உரிந்துவிடும். உள்ளே ஒளித்துவைத்த பொருளே சொல்லின் பொருளாகிவிடும். பிரெஞ்சில் மந்தபுத்திக்காரனைக் குறிக்கும் ‘பெனே’ என்ற சொல், ‘ஆசீர்வதிக்கப்பட்டவர்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலம் நடந்த அதே பாதையில் பிரெஞ்சும் தன் போக்கில் நடந்திருக்கிறது. நல்லவர்களை அசடர்கள் என்று நினைக்கும் பழக்கம் ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதல்ல போலும்.

## மற்ற சொற்கள் போன திசைகள்

சில்லியைப் போல மதிப்பான பொருளிலிருந்து கீழே இறங்குவதை இழிபொருட்பேறு என்பார்கள். ஏறுவது உயர்பொருட்பேறு. பரந்த பொருள் குறுகினால் சிறப்புப் பொருட்பேறு, குறுகியது பரந்தால் பொதுப் பொருட்பேறு. பெயர்களை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை, உதாரணங்கள்தான் முக்கியம்.

ஏறியதற்கும் இறங்கியதற்கும் சேர்த்து ஒரு ஜோடி உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘க்னிஹ்ட்’, ‘க்னாஃபா’ இரண்டுமே பையன், வேலைக்காரப் பையன். முதல் பையன் போர்வீரனுக்கு உதவியாளாகப் போனான், பிறகு தானே குதிரையேறினான், இன்று அரசர் தோளில் வாள் வைத்துக் கொடுக்கும் ‘நைட்’ பட்டம் அவன்தான். இரண்டாவது பையன் வேலைக்காரனாகவே இருந்து, வேலைக்காரன் என்றாலே திருடுவான் என்ற எஜமானர்களின் நினைப்பில் சிக்கி, ‘நேவ்’, அதாவது அயோக்கியன் ஆனான். ஜெர்மனில் இந்த இரண்டின் உறவுகளும் எங்கும் போகவில்லை. ஒன்று பண்ணையாள், ஒன்று சிறுவன்.

குறுகியதில் எனக்கு மிகப் பிடித்தது ‘மீட்’. இன்று மாமிசம். பழைய ஆங்கிலத்தில் எந்த உணவும் மீட்தான். 1611இல் வெளியான ஆங்கில பைபிளில், ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் கடவுள் மனிதனுக்கு விதை தரும் செடிகளையும் கனி தரும் மரங்களையும் கொடுத்துவிட்டு, அவை உங்களுக்கு ‘மீட்’ ஆக இருக்கட்டும் என்கிறார். செடி எப்படி மாமிசமாகும் என்று இன்றைய வாசகர் விழிப்பார். தமிழ் பைபிள் அந்த இடத்தில் ‘ஆகாரம்’ என்று சரியாகச் சொல்கிறது. லேவியராகமத்தில் இன்னும் வேடிக்கை. அங்கே ‘மீட்’ காணிக்கை என்று ஒரு பலி வருகிறது. அதில் படைப்பது மெல்லிய மாவு, எண்ணெய், சாம்பிராணி வகை. ஒரு துண்டு இறைச்சி கிடையாது. 1885இல் ஆங்கிலத் திருத்தப் பதிப்பு வந்தபோது குழப்பம் தாங்காமல் அதை ‘மாவுக் காணிக்கை’ என்ற பொருளில் மாற்றினார்கள். நம் ‘போஜனபலி’க்கு அந்தத் தொல்லை இல்லை.

‘டியர்’ என்றால் மான். பழைய ஆங்கிலத்தில் அது எந்த விலங்கும். ஜெர்மனின் ‘டீர்’ இன்றும் அப்படித்தான். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் எட்கர், எலிகளையும் சுண்டெலிகளையும் சின்ன டியர் கணக்கில் சேர்த்துச் சொல்கிறான். பிரெஞ்சிலிருந்து ‘பீஸ்ட்’, பின்னால் லத்தீனிலிருந்து ‘அனிமல்’ என்று விலங்குக்குப் புதுச் சொற்கள் வந்துவிடவே, டியருக்கு வேட்டைக்காரர்கள் அதிகம் துரத்திய விலங்கு மட்டும் மிஞ்சியது. புதுத் தியேட்டர் திறந்த கதைதான்.

பறவைகளில் ஓர் இடமாற்றமே நடந்தது. ‘ஃபௌல்’ எல்லாப் பறவைக்கும் பொதுவாக இருந்தது, ‘பேர்ட்’ வெறும் குஞ்சு. இன்று குஞ்சு வானம் முழுக்கப் பறக்கிறது, பொதுச்சொல் கோழிக்கூண்டில் அடங்கிவிட்டது.

சுருக்கமாகச் சொன்னால், சொல் ஏறலாம், இறங்கலாம், குறுகலாம், விரியலாம். திசையை முன்கூட்டியே சொல்லும் சூத்திரம் எதுவும் கிடையாது. சமூகத்தில் யார் மேலே, எந்த மொழி உள்ளே வந்தது, எது நாசூக்கு என்பதையெல்லாம் பொறுத்தது அது.

## இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதற்கென்றே எழுந்த கட்டடம். 1857இல் லண்டனின் மொழிநூல் கழகம் திட்டத்தைத் தொடங்கியது. முதல் பகுதி 1884இல் வந்தது, முதல் பதிப்பு முடிந்தது 1928இல். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பழைய நூல்களைப் படித்து, ஒரு சொல் வந்த வாக்கியத்தைச் சீட்டில் எழுதி, நூலின் பெயரும் வருடமும் குறித்துத் தபாலில் அனுப்பினார்கள். ஆசிரியர் ஜேம்ஸ் மரே அந்தச் சீட்டுகளை, சுவர் முழுக்கப் பொந்து பொந்தாக இருந்த அலமாரியில் அடுக்கினார். ஒரு சொல்லின் சீட்டுகளை வருடவாரியாகப் பரப்பினால் எந்தப் பொருள் எப்போது முளைத்தது, எது எப்போது வாடியது என்று கண்ணால் பார்க்கலாம். முதல் பதிப்பில் சுமார் 18 லட்சம் மேற்கோள்கள் இருந்தன. சில்லியின் 500 வருடக் கணக்கு ஊகத்தில் போட்டதல்ல, இப்படிச் சீட்டில் எழுதி எண்ணியது.

அதற்கு முன்பே, 1755இல், சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் சில்லிக்கு முதலில் ‘தீங்கற்ற, கள்ளமற்ற’ என்றும், அடுத்து ‘பலமற்ற’ என்றும், கடைசியில்தான் ‘முட்டாள்தனமான’ என்றும் பொருள் எழுதினார். பாக்கியவான் அந்தப் பட்டியலில் இல்லை. நடுப்படிகள் மட்டும் அப்போதும் குடியிருந்தன.

## ‘அசல் பொருள்’ என்ற மயக்கம்

ஒரு சொல்லின் மிகப் பழைய பொருளே அதன் உண்மையான பொருள் என்று நினைப்பதை வேர்ச்சொல் மயக்கம் எனலாம். படித்தவர்களைத்தான் இது அதிகம் பிடிக்கும்.

ஜேன் ஆஸ்டினின் நார்த்தாங்கர் அபே நாவலில் ஹென்றி டில்னி என்ற இளைஞன் வருகிறான். கதாநாயகி எதற்கெடுத்தாலும் ‘நைஸ்’ என்கிறாளாம். அவளைக் கிண்டல் செய்து, ஆதியில் அந்தச் சொல் நேர்த்தி, நயம், நாகரிகம் இவற்றை மட்டும் குறித்திருக்கலாம், இப்போது எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறார்கள் என்று அங்கலாய்க்கிறான். ஆதியிலாம்! ‘நைஸ்’ லத்தீனில் ‘அறியாத’ என்ற சொல்லில் பிறந்து, பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் ‘முட்டாள்தனமான’. பிறகுதான் ஆடம்பரம், கூச்சம், நுணுக்கம், நேர்த்தி என்று சுற்றி, 18ஆம் நூற்றாண்டில் ‘இனிமையான’ என்ற இடத்துக்கு வந்தது. சில்லி இறங்கிய அதே மாடிப்படியில் எதிரே ஏறிவந்த ஆள் அது. டில்னி நடுவழியில் ஒரு நிலையத்தைப் பிடித்துக்கொண்டு அதுதான் புறப்பட்ட இடம் என்கிறான். அசல் பொருளுக்காக வாதாடும் பலரும் இப்படி ஏதோ ஒரு நடு நிலையத்தில்தான் நிற்கிறார்கள், பெரும்பாலும் அவர்கள் பள்ளியில் படித்த காலத்து நிலையத்தில்.

அப்படியானால் பழைய பொருள் தெரிந்து பயனில்லையா? உண்டு, பழைய நூலைப் படிக்கும்போது. எழுதியவர் காலத்தில் அந்தச் சொல் எந்தப் படியில் நின்றது என்பதுதான் அங்கே கேள்வி. பிறந்த இடமும் இன்று நிற்கும் இடமும் அங்கே உதவாது. ஷேக்ஸ்பியரின் ‘வெரோனாவின் இரு கனவான்கள்’ நாடகத்தில் காட்டில் ஒரு கொள்ளைக் கூட்டம் வேலன்டைனைத் தலைவனாக இருக்கும்படி கேட்கிறது. ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ‘சில்லி’யான பெண்கள்மீதும் ஏழை வழிப்போக்கர்கள்மீதும் கைவைக்கக்கூடாது என்று நிபந்தனை போடுகிறான். இன்றைய அகராதியோடு படித்தால் அவன் பெண்களை அசடுகள் என்று இகழ்வதாகத் தோன்றும். வாட்ஸ்அப் பொருளோடு படித்தால் புண்ணியவதிகள் என்று ஆகிவிடும். பக்கத்தில் ‘ஏழை வழிப்போக்கர்கள்’ நிற்பதைப் பார்த்தால் போதும். துணையில்லாத, எதிர்த்து நிற்க முடியாத பெண்களைத் தொடாதே என்கிறான். கொள்ளையர்களும் அப்படிப்பட்ட ஈனத்தொழில் எங்களுக்கே பிடிக்காது என்று சொல்லிவிட்டு அவனைத் தங்கள் கூட்டத்திடம் அழைத்துப் போகிறார்கள்.